மெயில் சர்வர் வழிகாட்டியில் எந்த அத்தியாயம் முதலில்? ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிலை

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விதைநெல், உரம், உளுந்து வியாபாரம், உறுப்பினர்களின் வங்கிக் கடன் தாள்கள் என்று கடிதப் போக்குவரத்து நன்றாகவே இருக்கிறது. டொமைன் பெயரும், இணையதள ஹோஸ்டிங்கோடு இலவசமாக வந்த மெயிலும் உண்டு. ஆனால் பாதிப் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மீதிப் பேரின் கடிதங்கள் அவரவர் சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன. ஒருவர் வேலையை விட்டுப் போனால் நிறுவனத்தின் கடிதங்களும் அவரோடு கிளம்பிவிடும். அதனால் 14 பெட்டிகளுடன் சொந்த மெயில் சர்வர் வைப்பதென்று முடிவு.

அமைக்கப் போகிறவர் பிசிஏ படித்துவிட்டு அங்கே டேலியும் பிரிண்டரும் பார்த்துக்கொண்டிருப்பவர். லினக்ஸில் கட்டளை அடிக்கத் தெரியும்; டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு உரிய விவரங்களைச் சொல்லும் இணையப் பதிவேடு) என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது. அவர் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். அதை எந்த வரிசையில் திட்டமிடுவது, எங்கே விரிப்பது, எதை வெட்டுவது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். நிறுவனம் மாதிரிக்காகச் சொன்னது. கீழே வரும் பிழைகள் எல்லாம் மெயில் சர்வர் அமைப்பவர்கள் அன்றாடம் விழும் குழிகள்.

வழக்கமான வரிசை எங்கே முறிகிறது

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை மென்பொருளின் வரிசையில் போகின்றன. முதலில் லினக்ஸ், பிறகு கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பிறகு பெட்டிகளைத் திறந்து படிக்கக் கொடுக்கும் டவ்காட், இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ், கடிதத்தில் கையெழுத்திடும் டிகிம், கடைசியாக டிஎன்எஸ். எழுதுகிறவருக்கு இது வசதி. படிக்கிறவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுவி முடித்த பிறகுதான், வாடகைக்கு எடுத்த விபிஎஸ்ஸில் (தரவு மையத்தில் ஓடும் மெய்நிகர் சர்வர்) 25ஆம் போர்ட், அதாவது சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் கைமாற்றும் வாசல், வெளியே போகாதபடி அடைக்கப்பட்டிருப்பது தெரியவரும். அதை அவரால் திறக்க முடியாது. விபிஎஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், அல்லது இடத்தையே மாற்ற வேண்டும். போட்ட உழைப்பு வீண்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்ற செய்தியை நம்பி வேதாரண்யத்துக்காரர் நாற்று விடுவதில்லை. கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைமடை மதகில் தண்ணீர் தெரிந்தால்தான் கணக்கு. மெயிலிலும் அப்படித்தான். போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் (நடந்ததை வரி வரியாகக் குறிக்கும் பதிவு) ‘சென்ட்’ என்று வந்தால் எதிர் சர்வர் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அது இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பாமில் விழுந்ததா என்று அந்த வரி சொல்லாது. எனவே இந்த வழிகாட்டிக்கு வைத்த விதி ஒன்றே ஒன்று: எந்தத் தோல்வியைச் சரிசெய்ய அதிக நாள் பிடிக்குமோ அது முதல் அத்தியாயத்தில் வர வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் படிக்கிறவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனையில் முடிய வேண்டும்.

எதையும் நிறுவுவதற்கு முன்

முதல் அத்தியாயத்தில் ஒரு மென்பொருள்கூட நிறுவப்படாது. அதில் வருபவை இடம், போர்ட், பெயர் ஆகிய மூன்றே.

இடம் பற்றி ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் சர்வர் வைக்கக் கூடாது. பிராட்பேண்டு இணைப்பு பல இடங்களில் சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியை (இணைய முகவரி எண்) பல வாடிக்கையாளர்கள் பங்கிடும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பொது ஐபியே உங்களுடையது இல்லை என்பதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனி ஐபி கிடைத்தாலும் வீட்டு இணைப்புகளின் ஐபி வரிசைகள் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் (நேராகக் கடிதம் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியல்) இருப்பது வழக்கம். அங்கிருந்து நேராக அனுப்பும் கடிதத்தைப் பல சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும்.

டெல்டாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சர்வர் அணைந்து கிடந்தால் அனுப்புகிறவரின் சர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸில் அந்தப் பொறுமைக்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 5 நாள். அதற்கு மேல் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். நடுவில் ‘தாமதமாகிறது’ என்ற எச்சரிக்கையும் போகாது. அந்த அமைப்பு இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊரில் 5 நாள் எந்த மூலைக்கு? மும்பையிலோ சென்னையிலோ உள்ள தரவு மையத்தில் 2 ஜிபி நினைவகத்தோடு ஒரு விபிஎஸ் எடுத்தால் 14 பெட்டிகளுக்குப் போதும். 1 ஜிபி எடுத்து கிளாம்ஏவி வைரஸ் சோதனையையும் போட்டால், அது ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் தின்னும். நினைவகம் தீர்ந்து லினக்ஸ் ஏதாவது ஒரு சேவையைக் கொன்றுவிடும். தொடக்க வழிகாட்டியில் கிளாம்ஏவி வேண்டாம் என்பதே சரியான முடிவு.

அடுத்தது போர்ட். விபிஎஸ் வாங்கிய பத்தாவது நிமிடத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. சர்வரிலிருந்து ஜிமெயிலின் எம்எக்ஸ் முகவரிக்கு (அதன் கடிதங்களை வாங்கும் சர்வர்) 25ஆம் போர்ட்டில் டெல்நெட் என்ற இணைப்புச் சோதனைக் கட்டளையை அடிக்கச் சொல்ல வேண்டும். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. ஓரிரு நிமிடம் எதுவும் வராமல் நின்று ‘டைம்டு அவுட்’ என்றால் வழியில் அடைப்பு. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் கதை வேறு: எதிர் இயந்திரம் வரை போயாயிற்று, அங்கே அந்தப் போர்ட்டில் கேட்பவர் இல்லை, முகவரியைத் தப்பாக அடித்திருக்கலாம். இந்த வித்தியாசத்துக்கு வழிகாட்டியில் ஒரு தனிப் பத்தி கட்டாயம். பின்னால் வரும் பாதிச் சிக்கல்களில் இதே இரண்டு செய்திகள்தான் திரும்ப வரும். அமேசான் கிளவுட் 25ஐ அடைத்தே தருகிறது, விண்ணப்பித்தால் திறக்கும். கூகுள் கிளவுட்டில் பொதுவாகத் திறப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

பெயரில்தான் தொடக்கக்காரர் அதிகம் தடுமாறுகிறார். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவை டொமைன் வாங்கிய பேனலில் தேடுவார், அங்கே இருக்காது. ஐபி யாருடையதோ அவர்கள்தான் அதைப் போட முடியும், அதாவது விபிஎஸ் நிறுவனத்தின் பேனலில். விதி எளிது: பெயரைக் கேட்டால் ஐபி வர வேண்டும், அந்த ஐபியைக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்தும்போதும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆதார் அட்டையில் ஒரு இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் வேறு இனிஷியல் என்ற கதைதான்.

இங்கேயே ஐபிவி6 பற்றி எச்சரிக்க வேண்டும். விபிஎஸ்ஸுக்கு வழக்கமான ஐபிவி4 முகவரியோடு, புதிய வகையான ஐபிவி6 முகவரியும் பெரும்பாலும் சேர்ந்தே வந்திருக்கும். ஐபிவி4க்கு மட்டும் பிடிஆர் போட்டுவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிவி6 வழியாக ஜிமெயிலுக்குப் போனால் 550, 5.7.25 என்ற மறுப்பு எண்ணோடு திரும்பி வரும். சில கடிதம் போகிறது, சில போகவில்லை என்ற குழப்பத்துக்கு அடிக்கடி இதுவே காரணம். இரண்டுக்கும் பிடிஆர் போட வேண்டும், அல்லது போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4ல் மட்டும் பேசச் சொல்ல வேண்டும். தொடக்கக்காரருக்கு இரண்டாவது வழி.

இந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வாசல் கதவும் வைக்க வேண்டும்: ‘25 திறக்கவில்லையா? பிடிஆர் போட முடியவில்லையா? இதற்கு மேல் படிக்காதீர்கள்.’ வேறு இடம் தேடலாம். அல்லது வரும் கடிதங்களைச் சொந்த சர்வரில் வாங்கிக்கொண்டு, போகும் கடிதங்களை மட்டும் 587ஆம் போர்ட் வழியாக, நமக்காக அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் ஒப்படைக்கலாம். இதில் தாழ்ச்சி ஏதும் இல்லை. புது ஐபியின் நற்பெயரை வளர்க்கும் பாடு மிச்சம்.

வாங்குவது முதலில், அனுப்புவது கடைசியில்

பொதுவாக எல்லோருக்கும் முதலில் அனுப்பிப் பார்க்கத்தான் ஆசை. வழிகாட்டி அதைத் தள்ளிப்போட வேண்டும். அரைகுறையாக அமைத்த சர்வரிலிருந்து பத்து சோதனைக் கடிதங்களை ஜிமெயிலுக்கு அனுப்பினால், பிறந்த அன்றே அந்த ஐபிக்குக் கெட்ட பெயர். வாங்குவதில் அந்த ஆபத்து இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பிழை செய்யலாம்.

இரண்டு போர்ட்டுகளின் வேலையைத் தபால் நிலையத்தை வைத்து விளக்கினால் சீக்கிரம் புரிகிறது. 25 என்பது மெயில் வேன் வந்து நிற்கும் பின்வாசல். வேறு ஊர்த் தபால்காரர்கள் பை இறக்குவார்கள். அவர்களிடம் பாஸ்வேர்டு கேட்க முடியாது. ஆனால் நம் ஊர் முகவரிக்கு வந்ததை மட்டும்தான் வாங்க வேண்டும். 587ம் 465ம் முன்பக்கக் கவுண்டர். நம் ஆட்கள் அடையாளம் காட்டிவிட்டு எந்த ஊருக்கும் கடிதம் போடலாம். பின்வாசலில் யார் எதைக் கொடுத்தாலும் எங்கும் அனுப்பும் சர்வர்தான் ஓப்பன் ரிலே. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக அப்படி இருப்பதில்லை. ‘ரிலே ஆக்சஸ் டினைடு’ என்ற செய்தியைப் பார்த்துப் பயந்து, கண்ட இடத்தில் படித்த வரியை ஒட்டி, நம்பகமான நெட்வொர்க் பட்டியலில் உலகத்தையே சேர்த்துவிடும்போதுதான் ஆகிறது. அந்தச் செய்தியை வழிகாட்டியே வரவழைத்துக் காட்ட வேண்டும்: வெளியிலிருந்து 25ல் நுழைந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்ப முயலுங்கள், மறுப்பு வர வேண்டும், வந்தால் நல்லது. பிழைச் செய்தி ஒன்றை வெற்றியாகப் பார்க்க வைத்துவிட்டால் லாக்கைப் பற்றிய பயம் பாதி போய்விடும்.

வாங்கும் அத்தியாயத்தில் நேரத்தைத் தின்பது ஒரே டொமைனை இரண்டு இடத்தில் எழுதுவது. ‘மை டெஸ்டினேஷன்’ வரியிலும் (லினக்ஸ் பயனர்களுக்கான டொமைன்கள்) ‘விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்’ வரியிலும் (லினக்ஸ் பயனர் அல்லாதவர்களின் பெட்டிகளுக்கான டொமைன்கள்) அது இருந்தால், கடிதம் லினக்ஸ் பயனரைத் தேடிப் போய், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பும். போஸ்ட்ஃபிக்ஸ் இதை லாக்கில் எச்சரிக்கத்தான் செய்கிறது. லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யும் பழக்கத்தை இந்த இடத்தில் ஊட்டிவிட வேண்டும்: இரண்டு டெர்மினல் சாளரங்கள், ஒன்றில் வேலை, இன்னொன்றில் லாக் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கடித அளவும் இங்கேதான் வரும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 10240000 பைட். இணைப்புக் கோப்பு பயணத்துக்காக எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். ஆகவே ஏழரை எம்பியைத் தாண்டிய கோப்பு உள்ளே வராது. இருபது உறுப்பினர்களின் பட்டா, சிட்டா, அடங்கலை ஒரே பிடிஎஃப்பாக ஸ்கேன் செய்து வங்கி அனுப்பினால் முதல் நாளே முட்டும். 35 எம்பி அளவுக்கு உயர்த்தி வைப்பது நல்லது. இன்னும் தாராளமாக உயர்த்துகிறவர், லோக்கல் பெட்டிக்கு உள்ள 51200000 பைட் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் பெட்டி வரம்பு கடித வரம்பைவிடச் சிறியது என்று லாக்கில் குறை எழுதிவிட்டு லோக்கல் டெலிவரி நின்றுவிடும்.

டவ்காட்: தேதி போடாத வழிகாட்டியின் கதி

இந்தத் திட்டத்தில் அதிக யோசனை தேவைப்பட்டது டவ்காட் அத்தியாயத்துக்குத்தான். 2025 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு அமைப்புக் கோப்பின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. கோப்பின் தொடக்கத்தில் எந்தப் பதிப்புக்கான அமைப்பு என்று சொல்லும் வரி இல்லாவிட்டால் டவ்காட் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பெட்டி எங்கே என்று சொல்லும் பழைய ‘மெயில் லொகேஷன்’ வரி போய், அதன் வேலை இரண்டு தனி வரிகளாகப் பிரிந்துவிட்டது. சான்றிதழ்க் கோப்பைக் காட்டும் வரிகளின் பெயர்களும் மாறின. லினக்ஸ் வகைகளில், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ல் வருவது இந்த 2.4தான்; உபுண்டு 24.04ல் வருவது 2.3. பத்து வருடங்களாக எழுதிக் குவித்த வழிகாட்டிகள் எல்லாம் 2.3க்கோ அதற்கு முந்தைய பதிப்புக்கோ ஆனவை. அவற்றிலிருந்து ஒரு வரியை எடுத்து டெபியன் 13ல் ஒட்டினால் சேவை நிற்கும். ஏன் என்று தொடக்கக்காரருக்குப் புரியாது.

எனவே வழிகாட்டி ஒரே ஒரு வெளியீட்டுக்கு மட்டும் எழுதப்படும்: டெபியன் 13. ‘உபுண்டுவில் இப்படி, ரெட் ஹேட்டில் அப்படி’ என்று கிளை பிரிப்பது கரிசனம் போலத் தெரியும். படிக்கிறவர் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வெளியீட்டு எண், டவ்காட் எண், சோதித்த தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது விபிஎஸ்ஸில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டிப் பார்த்துத் தேதியை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் வழிகாட்டியை வெளியிடாமல் இருப்பதே மேல்.

சான்றிதழுக்கு, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட். அதை வழக்கமான முறையில் பெற 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும் என்பதும், காலம் முடியும் முன் அது தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் டவ்காட்டை மறுவாசிப்பு செய்யச் சொல்லும் ஒரு வரி தனியாக வேண்டும் என்பதும் போதும். அந்த வரி இல்லாத சர்வரில் பழைய சான்றிதழின் காலம் முடிந்ததும் எல்லார் போனிலும் ஒரே நாளில் எச்சரிக்கை வரும்.

இந்த அத்தியாயத்தின் சோதனை: போனில் ஐமேப் (பெட்டியைத் திறந்து படிக்கும் முறை) வழியாக 993ஆம் போர்ட்டில் பெட்டி திறக்க வேண்டும்; வந்த கடிதத்தின் தலைப்பு தமிழில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். சோதனைக் கடிதங்கள் எல்லாமே தமிழ்த் தலைப்போடு இருக்கட்டும். மூலத்தில் அந்தத் தலைப்பு யுடிஎஃப்-8 என்ற குறியோடு புரியாத எழுத்துக் கோவையாகத் தெரிவது இயல்பு. அதைப் பழுது என்று எண்ணி நோண்டப் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

டிஎன்எஸ் வரிகள்

அனுப்பும் அத்தியாயத்தில் மூன்று டிஎன்எஸ் பதிவுகள்: டொமைன் பெயரில் எந்த ஐபிகள் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்தின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம், இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. நாளுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். பதினான்கு பெட்டி நிறுவனம் 5000ஐத் தொடாது. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுவது ஒரு மணி நேர வேலைதான்.

நம் மாதிரியில் பொறி எஸ்பிஎஃப்பில் இருக்கிறது. இணையதள ஹோஸ்டிங் ஏற்கெனவே ஓர் எஸ்பிஎஃப் வரியைப் போட்டு வைத்திருக்கும். புது சர்வருக்கென்று இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டும் செல்லாது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப். பழைய வரிக்குள்ளேயே புது ஐபியைச் சேர்க்க வேண்டும். அந்த வரி வேறு பெயர்களைத் தேடிப் போகும் எண்ணிக்கையும் 10ஐத் தாண்டக் கூடாது.

டிகிமில் 2048 பிட் சாவியின் பொதுப் பகுதி ஏறத்தாழ 400 எழுத்து நீளம். டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டு 255 எழுத்துதான் கொள்ளும். சில பேனல்கள் தாமாகவே இரண்டாக வெட்டிக்கொள்ளும், சில வெட்டாமல் வாலைத் தொலைத்துவிடும். இன்னும் சில பேனல்களில் முழுப் பெயரை அடித்தால் டொமைனை மறுபடி பின்னால் ஒட்டிக்கொண்டு பெயர் இரட்டிப்பாகும். பதிவைப் போட்டதும் வெளியிலிருந்து கேட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

டிமார்க்கை முதலில் ‘நன்’ (எதையும் தடுக்க வேண்டாம்) என்ற கொள்கையில், அறிக்கை வர ஒரு முகவரியோடு போட வேண்டும். அறிக்கைகளைச் சில வாரம் பார்த்தால் இணையதளத்தின் தொடர்புப் படிவம் எந்த ஐபியிலிருந்து கடிதம் போடுகிறது என்பதெல்லாம் வெளிவரும். அதற்குப் பிறகு இறுக்கலாம்.

கடைமடைச் சோதனை: ஜிமெயிலில் வந்த கடிதத்தின் ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தைத் திறந்தால் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ இருக்க வேண்டும். கடிதம் இன்பாக்ஸிலும் இருக்க வேண்டும். புது ஐபி என்பதால் முதல் சில நாள் ஸ்பாமில் விழலாம். தெரிந்தவர்களுக்கு எழுதி, பதில் போடச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் வழி.

ஸ்பாம் தடுப்புக்கு ஆர்ஸ்பாம்டி ஒன்று போதும். ஆனால் ஒரு கண்ணி உண்டு: கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பாம்ஹாஸைக் கேட்டால் அது பதில் சொல்லாமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியல் சோதனையை நேரடியாகப் போட்டவர்களுக்கு அது ‘பட்டியலில் இருக்கிறார்’ என்று படும். வருகிற கடிதம் எல்லாம் திரும்பிப் போகும். சர்வரிலேயே அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி அதன் வழியாகக் கேட்க வேண்டும்.

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாக. 587 திறந்த சில மணி நேரத்துக்குள் யார் யாரோ வந்து முட்டத் தொடங்குவார்கள். ஃபெயில்டுபேன் என்ற மென்பொருள் அவர்களைத் தள்ளிவைக்கும். நிறுவனப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டை அதனாலும் காப்பாற்ற முடியாது. ஒரு பெட்டி பறிபோனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் போய், பாடுபட்டுச் சேர்த்த பெயர் கெடும். பெட்டிக்கு மணிக்கு இத்தனை கடிதம் என்று ஆர்ஸ்பாம்டியில் வரம்பு வைப்பதைத் தொடக்க வழிகாட்டியிலேயே சேர்க்கலாம்.

மொழி, வெட்டி ஒட்டுவது, நாள் குறிப்பது

அமைப்பு வரிகளின் பெயர்களைத் தமிழாக்கக் கூடாது. லாக் பேசுவது ஆங்கிலத்தில். அதே சொல் வழிகாட்டியில் இருந்தால்தான் தேடிப் பொருத்த முடியும். விளக்கம் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கலாம். ‘மின்னஞ்சல் சேவையகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘சர்வரை ரீஸ்டார்ட் செய்க’ என்றால் இரண்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் வரும். ஒரு சொல்லைப் பிடித்தால் கடைசி வரை அதுவே.

கட்டளைகளை வாட்ஸாப்பில் பகிர்ந்து அங்கிருந்து எடுத்து ஒட்டும் வழக்கம் இங்கே அதிகம். போஸ்ட்ஃபிக்ஸ் கோப்பில் ஒரு வரியின் தொடக்கத்தில் இடைவெளி விழுந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சியாகிவிடும்; மேற்கோள் குறி வளைந்துபோனால் கட்டளை வேறாகிவிடும். முழுக் கோப்புகளைத் தரவிறக்கத் தர வேண்டும், மாற்ற வேண்டிய இடங்களுக்குக் கண்ணை உறுத்தும் ஒரு பெயர் வைக்க வேண்டும். உதாரண ஐபிக்கு 203.0.113.10 போல ஆவணங்களுக்கென்றே ஒதுக்கிய எண்ணைப் போடலாம். மறந்து அப்படியே விட்டாலும் யார் வீட்டுக் கதவையும் தட்டாது.

பழைய ஹோஸ்டிங்கிலிருந்து எம்எக்ஸை மாற்றும் நாளுக்கும் பஞ்சாங்கம் உண்டு. குறுவை அறுப்பான செப்டம்பர், அக்டோபர் ஆகாது. சம்பா, தாளடி அறுத்து நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் குவியும் ஜனவரி, பிப்ரவரியும் ஆகாது. நவம்பர் புயல் மாதம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் விதை, உரக் கணக்கு ஆரம்பித்துவிடும். மே முதல் இரண்டு வாரம்தான் தோது. மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்து வைக்க வேண்டும். பழைய பெட்டிகளை ஐமேப்சிங்க் மூலம் நகலெடுக்க வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு வாரம் பழையதை மூடாமல் விட்டு, அங்கே தப்பி விழுந்த கடிதங்களுக்காக இன்னொரு முறை நகலெடுக்க வேண்டும்.

கடைசிப் பக்கம் சுவரில் ஒட்டுவதற்கு. திங்கட்கிழமை காலை பார்க்க வேண்டியவை: வரிசையில் எத்தனை கடிதம் நிற்கிறது, வட்டில் எவ்வளவு இடம் மீதி, சான்றிதழ் என்று முடிகிறது, நேற்றைய காப்புப்பிரதி வேறு இடத்துக்குப் போயிற்றா. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரே ஒரு கடிதத்தை மீட்டுப் பார்க்க வேண்டும். டிகிமின் ரகசியச் சாவியும் அமைப்புக் கோப்புகளும் அந்தப் பிரதியில் இருக்க வேண்டும். விபிஎஸ், டொமைன் பேனல்களின் பாஸ்வேர்டு தலைமைச் செயல் அலுவலரின் பீரோவில் உறையிட்டு இருக்க வேண்டும், சர்வரை அமைத்த அந்த ஒருவரின் போனில் மட்டும் இருக்கக் கூடாது.